‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்துல அதிர்வு எங்க இருக்கு?

ஆறாவது படிக்கிற என் அக்கா பொண்ணுக்குப் போன வாரம் அறிவியல் சொல்லிக்கொடுத்தேன். "ஒலி அதிர்வுகளால் உண்டாகிறது." இந்த வரியை எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கேன். அவ கேட்டா, "மாமா, அதிர்றதாலதான் சத்தம் வருதுன்னு எப்படித் தெரியும்? ரெண்டும் சேர்ந்து வர்றதா இருக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. கோடுல பக் தேடும்போது நாங்க என்ன செய்வோம்? சந்தேகப்படுற ஒண்ணை மட்டும் நிறுத்திப் பார்ப்போம். அதையே இங்கேயும் செஞ்சோம்.

முதல் சோதனை: எவர்சில்வர் தட்டை ஒரு ஓரத்துல லேசா பிடிச்சுக்கிட்டு, கரண்டியால தட்டுங்க. ‘ணங்’னு ஒலிக்கும்போதே இன்னொரு கையால அழுத்திப் பிடிங்க. சத்தம் சட்டுனு நின்னுடும். தட்டு அங்கேயேதான் இருக்கு; நாம நிறுத்தினது அதிர்வை மட்டும்தான்.

உடனே அவ கையை ஆட்டிக் காட்டினா. "இதுவும் ஆடுது, ஏன் சத்தம் வரலை?"

இரண்டாவது சோதனை இதுக்குத்தான். 30 செ.மீ. இரும்பு ஸ்கேலை மேசை விளிம்புல வைங்க. 25 செ.மீ. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கட்டும். மேசை மேல இருக்கிற பகுதியை அழுத்திப் பிடிச்சு, நுனியைச் சுண்டுங்க. ஆடுறது கண்ணுக்குத் தெரியும், ஆனா ஒலி கேட்காது. கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளிச் சுண்டுங்க. ஆட்டம் வேகமாகி, மங்கலாத் தெரியும். ‘ட்ர்ர்ர்’னு கேட்க ஆரம்பிக்கும். இன்னும் உள்ள தள்ளினா சுருதி ஏறும். நம்ம காது சுமாரா வினாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைத்தான் கேட்கும். கையை அவ்வளவு வேகமா யாராலும் ஆட்ட முடியாது!

மூன்றாவது, தொண்டையில விரலை வச்சு ‘ம்ம்ம்’னு சொல்றது. விரல்ல அதிர்வு தெரியும். அப்புறம் அவளே ‘ஸ்ஸ்ஸ்’னு சொல்லிப் பார்த்தா. தொண்டை அதிரலை! "மாமா, நீங்க தோத்துட்டீங்க!"

ஒரு நிமிஷம் நானும் முழிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது: கை வச்ச இடம்தான் தப்பு. ‘ஸ்ஸ்ஸ்’ல குரல்நாண்கள் அதிர்றதில்லை. நாக்குக்கும் பல்லுக்கும் இடையில இருக்கிற சின்ன இடுக்கு வழியா காற்று பாயும்போது, காற்றே கொந்தளிச்சு அதிருது.

காற்று அதிருமா? ஒரு கண்ணாடி பாட்டிலை எடுத்தோம். வாய் விளிம்புல ஊதினா ‘பூம்’னு ஒலி வரும். தண்ணி ஊத்த ஊத்த, உள்ள இருக்கிற காற்றின் நீளம் குறையும். ஊதுற ஒலியோட சுருதி ஏறும். அதே பாட்டிலைக் கரண்டியால தட்டுங்க. தண்ணி கூடக் கூடச் சுருதி இறங்கும்! ஏன்னா, தட்டும்போது அதிர்றது கண்ணாடி. தண்ணியோட கனம் அதை மெதுவாக்குது. ஊதும்போது அதிர்றது காற்று.

ஆசிரியர் நண்பர்களே, வகுப்புல அந்த வரியை முதல்லயே சொல்லிடாதீங்க. "அதிர்வே இல்லாத ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்க"ன்னு சவால் விடுங்க. தேடித் தோத்துப்போற பிள்ளைங்க, அந்த வரியை மறக்கவே மாட்டாங்க.