அரியலூரில் வாழ்ந்த ராட்சத டைனோசர்: கிடைத்த எலும்பு எங்கே போனது?

டைனோசர் என்றதும் ஹாலிவுட் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால், உலகின் மிகப்பெரிய டைனோசர் எது என்ற விவாதத்தில் நம்ம அரியலூருக்கும் இடம் உண்டு. அந்த டைனோசரின் பெயர் 'புருஹத்காயோசாரஸ்'. பிரம்மாண்ட உடல் கொண்ட பல்லி என்று அர்த்தம்.

எங்கே கிடைத்தது?

அரியலூர் மாவட்டம் கல்லமேடு கிராமத்துக்கு அருகே, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் இதன் எலும்புகளைக் கண்டெடுத்தனர். 1980-களின் இறுதியில் பெயர் சூட்டி அறிவித்தனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, வால் முள்ளெலும்பு எனச் சில துண்டுகள்தான் கிடைத்தன. முழங்காலுக்குக் கீழே உள்ள ஒரு எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம். அதாவது, ஒரு ஆளைவிட உயரம்! வயது, சுமார் 7 கோடி ஆண்டுகள்.

சைவமா, அசைவமா?

டைனோசர்களை முதலில் இடுப்பெலும்பை வைத்துத்தான் பிரிப்பார்கள். 'பல்லி இடுப்பு' ஒரு வகை, 'பறவை இடுப்பு' இன்னொரு வகை. பல்லி இடுப்பு வகையில் இரண்டு பெரிய கூட்டங்கள் உண்டு. இரண்டு காலில் நடந்தவை தெரோபாட். இவற்றில் பெரும்பாலானவை இறைச்சி தின்றவை. நீண்ட கழுத்து, சின்னத் தலை, தூண் போன்ற நான்கு கால்களுடன் இலை தழை தின்றவை சாரோபாட்.

புருஹத்காயோசாரஸை முதலில் இறைச்சி தின்னும் கூட்டத்தில்தான் சேர்த்தார்கள். ஆனால் எலும்பின் அளவும் அமைப்பும் அதற்குப் பொருந்தவில்லை. பிறகு, சாரோபாட் கூட்டத்தின் டைட்டனோசர் பிரிவுக்கு அதை மாற்றினார்கள்.

எலும்பு இப்போது எங்கே?

இல்லை என்பதுதான் சோகம். உதிரும் நிலையில் இருந்த அந்த எலும்புகள் சிதைந்தே போய்விட்டன. கல்லான மரங்களும் அந்தப் பக்கம் நிறைய உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம் அதற்குப் பிரபலமான உதாரணம். அதனால், 'கிடைத்தது எலும்பா, மரமா?' என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டனர். 2022-ல் பழைய புகைப்படங்களுடன் வெளியான கட்டுரை, அவை எலும்புதான் என்று வாதிட்டது. ஆனாலும் எலும்பே கையில் இல்லாததால், இதன் எடை, நீளம் பற்றிச் சொல்லப்படுவது எல்லாம் மதிப்பீடுதான்.

சென்னைப் பக்கம் உண்டா?

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையில் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூர் பகுதிப் பாறைகள், 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. அவை பேர்போனது டைனோசருக்கு அல்ல, கல்லில் பதிந்த இலைகளுக்கு.

வித்தியாசமான கல் கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்? உடைக்காதீங்க, தோண்டி எடுக்காதீங்க. இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, அருங்காட்சியகத்துக்கோ புவியியல் துறைக்கோ சொல்லுங்க. ஒருமுறை உதிர்ந்தால் திரும்பக் கிடைக்காது என்பதற்குக் கல்லமேடே சாட்சி.