வீட்டுக் கதவை அடைக்கலாமா?

சாதி சொல்லி ஒதுக்கினால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். பள்ளியில், பேருந்தில் அவமானப்பட்டு வரும் பிள்ளைக்கு ஆறுதல் வீடுதான். திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளைகளுக்கோ அந்த வீடும் அடைபடுகிறது. காலனியை விட்டு வெளியேறினால் ஊர்த் தெருவில் வாடகை வீடு கிடைப்பதும் அரிது. மனம் உடைவது அங்கேதான்.

இது நோயல்ல, பேயோட்டுவதும் அவசரக் கல்யாணமும் தீர்வல்ல. சிகிச்சையால் 'மாற்றும்' முயற்சிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடை செய்துவிட்டது.

பிள்ளை பேச வந்தால் திட்டாமல் கேட்போம். 'செத்துரலாம்போல இருக்கு' என்றால் தனியே விடாமல் பக்கத்தில் இருப்போம். 14416க்கு அழைத்தால் 24 மணி நேரமும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

ஒதுக்கப்பட்ட நாமே நம் பிள்ளையை ஒதுக்கலாமா?