செவிக்கு எட்டாத சொல்லைக் கண்ணுக்கு எட்டச் செய்தல்

பேசுவோரின் குரல் காதில் விழுகிறது. ஆனால் சொல் விளங்குவதில்லை. காது மந்தமானோர் பலர் கூறும் குறை இதுவே. இந்தியாவில் செவிப்புலன் குறைபாடு உடையோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர் என்று 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு தெரிவித்தது. இத்தகையோருக்குப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டுவது பெரிதும் பயன்படும். திரையின் அடியில் தோன்றும் சப்டைட்டில் என்னும் எழுத்து வரிகளும், பேசப் பேசக் கைபேசியில் தோன்றும் எழுத்துகளும், துண்டுத் தாளில் எழுதிக் காட்டப்படும் இரண்டொரு சொற்களும் ஒரே இனத்தைச் சேர்ந்த உதவிகளேயாம். ஆயினும் அவ்வெழுத்து அவர் படிக்கத் தெரிந்த எழுத்தாக இருந்தாலன்றிப் பயன் விளையாது.

குரல் கேட்டும் சொல் விளங்காதது ஏன்?

பேச்சொலிகள் யாவும் ஒரே வலிமை உடையன அல்ல. உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்துள்ளது. ச, த, க போன்ற மெய்யொலிகளோ மெலிந்தவை. அவற்றை இனங்காட்டும் கூறுகள் உயர்ந்த அதிர்வெண்களில் உள்ளன. முதுமையாலும் இடைவிடாத இரைச்சலாலும் காது பழுதுறும்போது, உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே முதலில் குன்றுகிறது. அதன் விளைவாகச் 'சளி', 'வலி', 'வழி' என்னும் மூன்று சொற்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காதில் விழக்கூடும். உரக்கக் கத்தினால் உயிரொலிகளே மேலும் ஓங்குகின்றன, மெய்யொலிகள் தெளிவடைவதில்லை.

உதட்டசைவைக் கவனித்துப் பொருள் அறிவது ஓரளவுக்கே கைகொடுக்கும். 'பணம்', 'மணம்' என்னும் இரண்டையும் கூறுகையில் உதடுகள் ஒரே விதமாக மூடித் திறக்கின்றன. 'பாலை', 'மாலை' என்பனவும் அவ்வாறே. காது கேட்கும் கருவி அமைதியான அறையில், அருகிலிருந்து பேசுவோரிடம் நன்கு உதவும். சந்தையிலும் கூட்டத்திலும் அதன் பயன் குறைந்துவிடும். இவ்வாறு காதும் கண்ணும் விட்டுவிடும் மெய்யொலியை ஈடுசெய்வதே எழுத்தின் பணி.

எழுத்து வரிகளின் வரலாறு

பேசாப் படக் காலத்தில், காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் காட்டப்பட்டன. படிக்கத் தெரிந்தவர் காது கேளாதவராயினும் மற்றவரோடு சமமாக அமர்ந்து கதையை அறிந்தனர். 1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது. காது கேட்போருக்கு வியப்பாக வந்த அம்மாறுதல், கேளாதோருக்கு ஓர் இழப்பாயிற்று. அமெரிக்காவில் 1972-இல் ஒரு சமையல் நிகழ்ச்சி எழுத்து வரிகளுடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. விரும்புவோர் மட்டும் வரவழைத்துக் காணும் மறைவரி முறை அந்நாட்டில் 1980-இல் வழக்கத்துக்கு வந்தது.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் எழுத்து வரிகளும் சைகைமொழி விளக்கமும் கிடைக்க வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. இதற்கேற்ப மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019-இல் தொலைக்காட்சிக்கும், 2024-இல் திரையரங்குகளில் காட்டப்படும் படங்களுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது.

இரு மொழி வழங்கும் ஊர்களில்

சட்டம் வழி திறந்துவிட்டாலும், எந்த எழுத்தில் காட்டுவது என்பது ஒவ்வோர் ஊரிலும் எழும் வினா. மாதேசுவரன் மலையை அடுத்துள்ள மார்டள்ளி, தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் சிற்றூர். முன்பு சென்னை இராச்சியத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956-இல் மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது; 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்று பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இப்பகுதி இன்று உள்ளது. இத்தகைய எல்லைப்புற ஊர்களில் வீட்டில் தமிழும், பள்ளியிலும் அலுவலகத்திலும் கன்னடமும் வழங்குவது இயல்பு. கன்னடத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டு வாழ்ந்த முதியவர் ஒருவர் காது மந்தமானதும், கன்னட எழுத்து வரியைப் படிக்க இயலாமல் இரட்டை இடர்ப்பாடு அடைகிறார். அவருடைய பேரனோ கன்னடம் படித்தவனாய்த் தமிழ் எழுத்தை அறியாதிருக்கலாம். ஆகவே 'காது கேட்குமா?' என்று வினவுவதோடு, 'எந்த எழுத்து படிக்க வரும்?' என்றும் வினவுதல் இன்றியமையாதது.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கைபேசிச் செயலிகள் இப்போது உள்ளன. கூகுள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப் அவற்றுள் ஒன்று. தமிழ், கன்னடம் இரண்டும் அதில் உண்டு. செயலி எந்த மொழிக்கு அமைக்கப்பட்டுள்ளதோ அம்மொழியையே அது எதிர்பார்க்கும். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் பிழை மலியும். ஊர்ப் பெயர்களும் மருந்துப் பெயர்களும் அடிக்கடி சிதைந்து தோன்றும். இணையத் தொடர்பு குன்றிய மலைப்புறத்தில் அது இடையிலேயே நின்றுவிடவும் கூடும். எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது, 'வேண்டும்' என்பது 'வேண்டாம்' என்று மாறும் இடம். ஓரெழுத்துப் பிழை, மருந்தை நிறுத்தச் செய்துவிடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

களப்பணியாளர் மருந்தின் பெயர், அளவு, வேளை, மீண்டும் வரவேண்டிய நாள் ஆகியவற்றைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருக. செயலியை மட்டும் நம்பற்க. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், நிலவு போன்ற படங்களால் வேளையைக் குறிக்கலாம். செயலியைத் திறக்குமுன் அவரிடம் இசைவு பெறுக. நோய் பற்றிய பேச்சு பிறர் கண்ணில் படுதல் ஆகாது. கைபேசியைப் பேசுவோரின் வாய்க்கு அருகில் வைத்துச் சிறு வாக்கியங்களாகப் பேசினால் பிழை குறையும். உடன் வந்தவரை நோக்கிப் பேசாது, காது கேளாதவரை நோக்கியே பேசுக.

ஆசிரியர் புதிய சொற்களைப் பேசத் தொடங்குமுன்பே கரும்பலகையில் எழுதிவிடுதல் நன்று. பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் மாணவனுக்கு உதட்டசைவும் கிட்டாது. ஒளிக்காட்சிப் பாடத்தைப் பாடநூலின் மொழியில் எழுத்து வரிகளுடன் காட்டுக. வரியைப் படித்து முடித்த பின் படத்தைக் காணவும் அவகாசம் வேண்டும். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கும், இன்னும் படிக்கப் பழகாத பிள்ளைக்கும் எழுத்து வரி போதாது. அவர்களுக்குச் சைகைமொழியும், காலந்தாழ்த்தாத செவிப் பரிசோதனையும் தேவை. மைசூர் மானசகங்கோத்திரியில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்தில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் கிடைக்கின்றன.

காது மந்தமானோர், பலமுறை திருப்பிக் கேட்பதற்குக் கூசி, விளங்காததற்கும் தலையசைத்துவிடுவது உண்டு. அத்தலையசைப்பை விடையாகக் கொள்ளுதல் தவறு. எழுதிக் காட்டிய பின், 'எந்த மாத்திரை, எப்போது?' என்று கேட்டு, அவர் வாயால் மறுமொழி பெற்ற பிறகே செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும்.