தண்ணீர் குடித்த கார்

2022 செப்டம்பர் 4-ஆம் தேதி இரவு கொட்டிய மழையில் பெங்களூருவின் பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலைப் பகுதிகள் வெள்ளக்காடாயின. ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். வில்லா வாசல்களிலும் அடுக்குமாடிகளின் பேஸ்மென்ட்டிலும் சொகுசு கார்கள் முங்கிக் கிடந்தன. சில நாட்களில் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் வெள்ளத்தில் நின்ற கார் அதோடு காணாமல் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, 'சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்' என்ற விளம்பரத்தோடு மறுபடி சந்தைக்கு வரலாம்.

பழைய ஆடி குவாட்ரோ, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்டிரைவ், பென்ஸ் 4மேட்டிக் போன்ற ஆல்-வீல்-டிரைவ் செடான் தேடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை தரும் இந்த அமைப்பு பனி கொட்டும் நாடுகளில் பெயர் வாங்கியது. குடகு, சிக்மகளூரு மலைப்பாதை மழையிலும் நல்ல பிடிப்புத் தரும். புதிதாக வாங்க முடியாதவர்களை, எட்டும் விலையில் கிடைக்கும் பழைய கார்களின் பக்கம் இழுப்பதும் அதுதான். ஆனால் இத்தகைய கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல, சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில்தான் இருக்கின்றன. தண்ணீர் முதலில் தொடுவது அவற்றைத்தான். கனெக்டரில் பிடித்த துரு வேலையைக் காட்ட மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் கார் உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.

சந்தைக்கு வரும் இரண்டு வழிகள்

பழுதுபார்க்கும் செலவு, காப்பீட்டில் குறித்த மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. நிறுவனம் பணம் கொடுத்த பிறகு கார் ஏலத்துக்குப் போகும். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்று ரத்து செய்யப்படாவிட்டால், அதே எண்ணோடு திரும்பவும் சாலைக்கு வந்துவிடும். இன்னொரு வழி, தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போய்விடுவது. 'இன்ஜின் புரொடெக்ட்' சேர்க்காத பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. செலவுக்கு அஞ்சி, விஷயத்தைச் சொல்லாமல் விற்றுவிடுகிறவர்கள் உண்டு.

கண்ணால் பாருங்கள், கையால் தொடுங்கள்

சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அன்றாடம் போடும்போது வெளியே வராத கடைசி ஒரு முழத்தில்தான் உண்மை இருக்கும். நாடாவின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு ஓடினால், தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று பொருள். ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். விரலில் வண்டல் ஒட்டுகிறதா? சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? கார் பழையதாக இருந்தும் பெல்ட்டும் கார்ப்பெட்டும் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து டயர். ஆல்-வீல்-டிரைவில் நான்கும் ஒரே அளவில், ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். முன்னே புதிது, பின்னே மொட்டை என்றால் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்தச் சுமை டிஃபரன்ஷியலையும் கிளட்ச்சையும் தின்றுவிடும். காலி இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி திக்கித் திக்கி உதறினால் விலகிவிடுங்கள். பிறகு, விற்பவர் காட்டும் மெக்கானிக்கிடம் அல்லாமல், நீங்களே தேர்ந்தெடுத்த ஒருவரிடம் காரின் மின்னணு அமைப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். டிஜிட்டல் மீட்டரையும் திருப்ப முடியும் என்பதால், ஓடிய கிலோமீட்டரை சர்வீஸ் பதிவுகளோடு ஒப்பிடுங்கள்.

காகிதம்தான் காவல்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' தளத்தில் ஆர்.சி. விவரத்தையும் கடன் பதிவையும் பாருங்கள். அபராதப் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். வங்கிக் கடன் இருந்தால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கட்டாயம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முந்தைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

ஓசூர், சேலம், கோவையிலிருந்து வந்து பெங்களூருவில் வாங்குகிறவர்கள் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநில எண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு அவசியம். தமிழ்நாட்டுச் சாலை வரியையும் சேர்த்துத்தான் காரின் விலையைக் கணக்கிட வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

காரைப் பிரித்து வேலை பார்க்கும் முன், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் எழுத்து மூலம் ஆய்வறிக்கை வாங்குங்கள். படங்கள், விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டீலரிடம் வாங்கியிருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தனிநபரிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம்தான் வழி. மீட்டர் திருப்புதல், போலி ஆவணம் போன்ற மோசடி இருந்தால், யார் விற்றிருந்தாலும் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின் கீழ் போலீசில் புகார் கொடுக்கலாம்.

இத்தனைக்கும் அடித்தளம் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் ஒரு வரி: 'இந்த வாகனம் வெள்ளத்தில் மூழ்கியதில்லை, பெரிய விபத்தில் சிக்கியதில்லை, மீட்டர் திருத்தப்படவில்லை.' அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை எழுதி, கையெழுத்துக் கேளுங்கள். பேனாவை வாங்கத் தயங்குகிறவரிடம் உங்கள் பல வருடச் சேமிப்பை ஒப்படைக்காதீர்கள்.