தென்னிந்தியக் கிளர்ச்சி (1800–1801)

தென்னிந்தியக் கிளர்ச்சி என்பது ஆற்காட்டு நவாபு ஆட்சியின் கடன் நெருக்கடியில் தொடங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிரான மக்கள் எழுச்சியாக விரிந்த போர் ஆகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் இதன் முதன்மைக் களங்களுள் ஒன்று.

பின்னணி

நவாபு முகமது அலி, போர்ச் செலவுகளால் கம்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். 1792 ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குச் சென்றது. மழையை நம்பிய மானாவாரி நிலத்தில், விளைச்சல் பொய்த்தாலும் கம்பெனி நிலுவையைக் கேட்டது. இதில் எழுந்த பூசலின் முடிவில், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

மக்கள் எழுச்சி

அதுவரை இது பெரும்பாலும் கப்பம் பற்றிய பாளையக்காரர் வழக்காகவே இருந்தது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியதும் நிலைமை மாறியது. ஊர் மக்கள் கைகொடுக்க, இடிந்த மண்கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. கம்பெனிப் படையின் தாக்குதல்களைத் தாங்கி நின்ற அக்கோட்டை, மே 24 அன்றுதான் வீழ்ந்தது. ஊமைத்துரை சிவகங்கையின் மருது சகோதரர்களுடன் சேர்ந்தார்.

1801 ஜூன் 16-இல் திருச்சிராப்பள்ளியில் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடம் கொடுத்த நவாபைக் குறைகூறிய அது, சாதி சமய வேறுபாடின்றி எல்லா மக்களையும் போராட அழைத்தது. பாளையக்காரர்களின் வழக்கு பொதுவழக்கானது இங்கேதான்.

முடிவு

எட்டயபுரம் பாளையக்காரரும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனி பக்கம் நின்றனர். மருது சகோதரர்கள் அக்டோபரிலும், ஊமைத்துரை நவம்பரிலும் கொல்லப்பட்டனர். 70-க்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். இதற்கிடையே, 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தால் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனி வசமாகியிருந்தது.

மதிப்பீடு

வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இதனை முதல் விடுதலைப் போராகக் கருதினார். 1789-இல் பிரான்சிலும் அரசின் கடன் சுமையே புரட்சிக்கு வழிதிறந்தது. ஆனால் அங்கு முடியாட்சியே பின்னர் ஒழிக்கப்பட்டது. இங்கோ பழைய அரசுகளை மீட்பதே நோக்கமாக இருந்தது. திரண்டவர்கள் பொதுமக்கள், மீட்க முயன்றது மன்னராட்சி. எனவே இதனை மக்கள் எழுச்சி என்பது பொருந்தும். முழுமையான புரட்சி என்பது விவாதத்துக்குரியது.