ரீலோட் போடுகிறவருக்கு ஏற்ற கைபேசி

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் வழியாக வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சென்றால் வருகிற புல்மோட்டையில், கடலுக்குப் போகிறவர்களும், கனிய மணல் ஆலையில் வேலை பார்ப்பவர்களும், வயல் செய்பவர்களும், கணவனையோ மகனையோ வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டு ஒவ்வோர் இரவும் அவர் குரலுக்காகக் காத்திருப்பவர்களும், இலங்கையின் மற்றக் கிராமத்தவரைப் போலவே பெரும்பாலும் மாதாந்தப் பட்டியல் கட்டும் ஏற்பாட்டில் சேராமல், கையில் காசு உள்ள நாளில் கடைக்குப் போய் ரீலோட் போட்டுக்கொள்ளும் முற்கொடுப்பனவு முறையிலேயே கைபேசியை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் வலை நிறைந்தும் மறுநாள் வெறுமையாகவும் வருகிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லையென்பதே என் அபிப்பிராயம். 1995 செப்டம்பரில் போர்த்துக்கல் நாட்டின் டி.எம்.என். நிறுவனம் 'மிமோ' என்ற பெயரில் முற்கொடுப்பனவு இணைப்பை விற்கத் தொடங்கிய பின், கைபேசி என்பது மாதச் சம்பளக்காரரின் உடைமையாக மட்டும் இருந்த நிலை மாறி, சாமானிய மக்களின் சாதனமாக உலகெங்கும் பரவிற்று.

ஆனால் இம்முறைக்கு ஒரு விளைவு உண்டு. மேலைநாடுகளில் இரண்டாண்டு ஒப்பந்தம் செய்கிறவருக்குக் கம்பனியே கைபேசியின் விலையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டு, அதை மாதக் கட்டணத்திலே மெல்ல மெல்ல வசூலித்துவிடும் வழக்கம் இருக்க, ரீலோட் போடுகிறவரோ கருவியின் முழு விலையையும் முதல் நாளிலேயே தம் கையிலிருந்து கொடுக்க வேண்டியவராகிறார். அந்த விலையும் சிறிய விலையன்று. 2022-இல் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த நாணயப் பெறுமதி சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு வீழ்ந்தது; அவ்வாண்டு செப்டம்பரில் கைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் உயர்த்தப்பட்டன; 2024 ஜனவரி முதல் கைபேசிகள் மீதும் 18 வீத வற் வரி விதிக்கப்பட்டது. ஆகையால் மாடு வாங்குகிறவன் அதன் விலையோடு தீனிச் செலவையும் சேர்த்தெண்ணுவதுபோல, கைபேசி வாங்குகிறவரும் கடைக்காரர் சொல்லும் தொகையை மட்டும் பாராமல், அந்தக் கருவி உழைக்கப்போகும் ஆண்டுகள் முழுவதிலும் அது விழுங்கப்போகும் ரீலோட்டையும் சேர்த்துத்தான் அதன் மெய்யான விலையைக் காண வேண்டும்.

முதலில் ஆராய வேண்டியது கைபேசியை அன்று, சிக்னலை. 1989-இல் செல்டெல் நிறுவனம் இலங்கையில் கைபேசிச் சேவையைத் தொடக்கிவைத்த காலந்தொட்டுத் தோன்றிய நிறுவனங்களுள், 2018-இல் எடிசலாட் ஹட்ச்சோடும், 2024-இல் எயார்டெல் டயலொக்கோடும் இணைந்துவிட, இன்று டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச் என மூன்றே எஞ்சியுள்ளன. இவற்றுள் எது சிறந்தது என்று கொழும்பில் உள்ளவரைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. அயல்வீட்டாரிடம் மூன்று நிறுவனங்களின் சிம்களையும் சிறிது நேரத்துக்கு இரவல் வாங்கி, ஒரே கைபேசியில் மாறி மாறிப் போட்டு, குசினியிலும், மீன்வாடியிலும், வயற்கரையிலும் நின்று பேசிப் பார்ப்பதே மெய்யான பரீட்சை. கோபுரம் ஒன்று என்றாலும், 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் சென்று சுவரையும் ஊடுருவும். 1800 மெகாஹேர்ட்ஸ் அவ்வளவு தூரம் செல்லாது. இலங்கையில் 4ஜி சேவைக்கு முக்கியமாகப் பயன்படுவது இந்த 1800 ஆகையால், அதுவும் 900-உம் கருவியின் விவரப் பட்டியலில் உள்ளனவா என்று பார்த்தல் அவசியம். இரண்டு சிம் போடக்கூடிய கருவியையே நான் சிபாரிசு செய்வேன். ஒரு நிறுவனத்தின் அலை வாடியிலும், இன்னொன்றின் அலை வீட்டிலும் நன்றாகக் கிடைக்கும் ஊர்களில் இரண்டாவது சிம் ஆடம்பரமன்று. ஆயினும் சில கருவிகளில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடந்தான் இருக்கும் என்பதையும், ஒன்றை வைத்தால் மற்றதைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் கைபேசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மலிவு விலைக்கு விற்கப்படும் முற்கொடுப்பனவுக் கைபேசிகள் பலவும் விற்ற கம்பனியின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருப்பதால், இங்கே கொண்டுவந்தால் நம் சிம்மை அவை ஏற்கா. கனடா 2017 டிசம்பர் முதலும், பிரித்தானியா 2021 டிசம்பர் முதலும் இவ்வாறு பூட்டி விற்பதைத் தடைசெய்துவிட்டமையால், அதன்பின் அந்நாடுகளில் புதிதாக வாங்கியவற்றுக்கு இந்த அச்சம் இல்லை. எந்த நாட்டிலிருந்து வந்ததாயினும், 4ஜி அலையிலேயே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி என்ற வசதி நம் நிறுவனத்தின் சிம்மோடு அக்கருவியில் வேலை செய்கிறதா என்று ஓர் அழைப்பெடுத்துப் பார்க்க வேண்டும். கருவியில் அவ்வசதி இருந்தும், இந்நாட்டு நிறுவனத்துக்காக அதை உற்பத்தியாளர் திறந்துவிடாத கைபேசிகள் உண்டு. உலகெங்கும் 3ஜி சேவைகள் மூடப்பட்டுவரும் இக்காலத்தில், வோல்ட்டி இல்லாத கைபேசி அழைப்பு வந்தவுடன் பழைய 2ஜி அலைக்கு இறங்கிவிட, பேசி முடியும்வரை இணையம் நின்றுபோகும்.

அடுத்தது பதிவு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி இறுதியிலிருந்து தன் அங்கீகாரம் பெறாத புதிய கருவிகளுக்கு இணைப்புக் கிடைக்காதென அறிவித்ததோடு, அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குத் தடையில்லை என்றும் சொல்லிற்று. கைபேசி ஒவ்வொன்றுக்கும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், கருவி பதிவானதா அல்லவா என்று பதில் வரும். காசைக் கொடுக்குமுன் கடை வாசலிலேயே செய்துவிட வேண்டிய காரியம் இது. பெட்டியில் அச்சிட்ட எண்ணும் திரையில் தோன்றிய எண்ணும் ஒன்றா என்றும் ஒப்பிட வேண்டும்.

இனி, எந்த நகரத்துக் கடைக்காரரும் சொல்லாததும், புல்மோட்டைக்கே விசேஷமானதுமான ஒரு விஷயத்துக்கு வருகிறேன்: அதுதான் மணல். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957-இல் நிறுவப்பட்டதன் பின் உலகச் சந்தைக்குப் போகத் தொடங்கிய இக்கரையின் கருமணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைட். மிகுதியில் ரூட்டைலும் சிர்கோனும் குறிப்பிடத்தக்க அளவு உண்டு. இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத்தின் தாதுக்கள். ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் மின்னேற்றத்தைக் கணநேரம் பிடித்துவைத்து விடுவிக்கும் நூற்றுக்கணக்கான நுண்ணிய கொள்ளளவிகள் பேரியம் டைட்டனேட் என்ற டைட்டானியச் சேர்வையால் ஆனவை என்பதை நினைக்கும்போது, இந்தக் கரையில் அள்ளப்படும் பொருளின் இனத்தையே நாம் சட்டைப்பையில் வைத்துத் திரிகிறோம் என்று அறிவது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தருகிறது. ஆனால் வெளியே இருக்கும் மணல் கைபேசிக்கு நண்பனன்று. கனியங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கைபேசியின் கண்ணாடி ஏறத்தாழ 6 என்ற நிலையில் இருக்க, சாதாரண வெண்மணலின் குவார்ட்ஸ் 7 ஆகவும், சிர்கோன் 7.5 ஆகவும் இருப்பதால், சட்டைப்பைக்குள் ஒட்டிய சில மணிகளே திரையைக் கீறப் போதுமானவை. ஆகவே திரையின் மேலே ஒட்டும் கண்ணாடித் தகட்டுக்குச் செலவழிப்பது இவ்வூரில் வீண் செலவாகாது. ஆலையிலே இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுக்கிறார்கள். அதே காந்த குணம் உடைய கரிய துகள்கள், ஒலிபெருக்கியின் உள்ளே சிறு காந்தம் இருப்பதால், அதன் நுண்துளைகளில் வந்து ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஒலி மங்கினால் ஊசியால் குத்தாமல் மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். நீர்புகாது என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் அச்சிடப்படும் ஐபி68 முதலிய தரங்கள் நன்னீரில் பரீட்சித்து அளிக்கப்பட்டவையேயன்றிக் கடல் நீருக்கானவை அல்ல. உப்பு நீர் பட்ட சார்ஜ் துளையில் அது நன்றாக உலருமுன் வயரைச் செருகுவதுதான் கரையோரக் கைபேசிகளைப் பெரிதும் கெடுக்கும் செயல்.

பற்றரியைப் பொறுத்தவரை 5000 மில்லி அம்பியர் மணிக்குக் குறைந்ததை நான் வாங்கச் சொல்லமாட்டேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடைப்பட்ட கரையைக் கடந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இரவில் மின்சாரம் போனபின் எச்சரிக்கையும், உறவினரின் நலமும், வழியறிதலும் அந்தப் பற்றரியில் எஞ்சியிருக்கும் அளவைப் பொறுத்தனவாகின்றன. கடலில் போகிறவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. 40 மீட்டர் உயரக் கோபுரத்தின் அலை, பூமியின் வளைவால், ஏறத்தாழ 25 முதல் 30 கிலோமீட்டர் அளவிலே கடல்மட்டத்தில் மறைந்துவிடும். கைபேசியின் ஜிபிஎஸ் சிம்மோ ரீலோட்டோ இல்லாமலும் செய்மதிகளைக் கொண்டு இடத்தைக் காட்டுமாதலால், வரைபடத்தைக் கரையிலிருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நன்று. எனினும் அபாய காலத்தில் வள்ளத்தின் ரேடியோவுக்கு அது மாற்றாகாது.

மாதந்தோறும் காசைக் கேட்பது டேட்டா. நெட்பிளிக்ஸ் நிறுவனமே வெளியிட்டுள்ள கணக்கின்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணிநேரப் படத்துக்கு 1 ஜிகாபைட் வரையும், உயர்தரத்தில் 3 ஜிகாபைட் வரையும் செலவாகிறது. ஆறங்குலத் திரையில் இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை அந்த மும்மடங்குச் செலவுக்குத் தகுந்ததன்று. செயலிகள் தாமாகவே தம்மைப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவைத்து, இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் போட்டிருப்பவர் அதனை நள்ளிரவுக்குப் பின் செய்வித்தால், பகல் டேட்டா மிஞ்சும். பாதுகாப்புப் புதுப்பித்தல்களை மட்டும் நிறுத்தலாகாது. வங்கிக் கணக்கும் ஈஸி கேஷ் என்ற கைபேசிப் பணச்சேவையும் அதே கைபேசியில் இருக்கின்றன. விலை குறைந்த கைபேசிகள் பலவற்றுக்கு இத்தகைய புதுப்பித்தல் இரண்டொரு ஆண்டுகளிலேயே நின்றுவிட, 2024-இல் வெளியான சாம்சங் கேலக்சி ஏ16 போன்ற நடுத்தரக் கருவிக்கு உற்பத்தியாளர் ஆறு ஆண்டுகள் வாக்களித்திருக்கிறார். மிகப் பழைய மென்பொருள் உள்ளவற்றை வாட்ஸ்அப் அவ்வப்போது கைவிட்டுவிடுவதும் தெரிந்ததே. 2025-இல் ஆண்ட்ராய்ட் 5-க்குக் கீழ்ப்பட்டவற்றை அது கைவிட்டது. ஆகவே சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நெடுங்காலம் புதுப்பிக்கப்படும் கருவியை வாங்குவதே சிக்கனம் என்பது என் உறுதியான முடிவு. கமராவின் மெகாபிக்சல் எண்ணிக்கையையும் 5ஜி என்ற எழுத்தையும் நம்பி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. 5ஜி பெரும்பாலும் பயன்படுத்தும் 3500 மெகாஹேர்ட்ஸ் அலை குறுகிய தூரமே செல்வதால், வீடுகள் சிதறிக்கிடக்கும் ஊர்களை அது பிந்தியே வந்தடையும்.

பாவித்த கைபேசி வாங்குகிறவர், பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்பட்டிருப்பதைத் தம் கண்முன்னே உறுதிசெய்துகொண்டு, முழுவதையும் அழித்து மீண்டும் தொடங்கச் செய்து, தம் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பும் எடுத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். புதிதாயினும் பழையதாயினும் பற்றுச்சீட்டில் கடையின் பெயரும், திகதியும், உத்தரவாத காலமும், ஐஎம்இஐ எண்ணின் 15 இலக்கங்களும் எழுதப்பட்டிருக்க வேண்டும். களவுபோனால் பொலிஸில் முறையிடும்போது கேட்கப்படுவது அந்த எண்ணேயாகையால், அதை வேறொரு தாளிலும் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.