பத்திரப் பதிவைத் தேடிப் பார்க்கலாம்

வீடு வாங்குவது சும்மா காரியமா? நகையை விற்கிறோம். கடன் வாங்குகிறோம். பத்து இருபது வருடம் சேர்த்த பணம் ஒரே நாளில் கைமாறிப் போகிறது. அப்படி வாங்கிய வீட்டின் வாசலில் ஒருவர் வந்து நின்று, "இது என் வீடு, இதோ பத்திரம்" என்றால் என்ன செய்வோம்?

இப்படி நடக்காமல் காக்க ஒரு வழி உண்டு. அது பழைய வழி. சட்டம் எல்லோருக்கும் கொடுத்த வழி. ஆனால் பலருக்கு அது தெரியாது.

வேலு என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பிழைப்புக்காகக் கொல்கத்தா போனவர். அந்த ஊரில் நம் ஆட்கள் உண்டு. லேக் மார்க்கெட் பக்கம் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். வேலு பேஹாலா பகுதியில் ஒரு சிறிய வீட்டை விலை பேசினார். விற்பவர் பத்திரத்தைக் காட்டினார். வங்காளத்தில் பத்திரத்தைத் 'தலீல்' என்பார்கள். அதில் முத்திரை இருந்தது. அதிகாரியின் கையெழுத்தும் இருந்தது. எல்லாம் உண்மைதான்.

ஆனால் அது பத்து வருடத்துக்கு முன் எழுதிய பத்திரம். அதற்குப் பிறகு அந்த வீட்டை வேறு ஒருவருக்கு விற்றிருந்தால்? தம்பிக்குப் பாகம் எழுதிக் கொடுத்திருந்தால்? அது பழைய பத்திரத்தில் தெரியாது. பதிவு அலுவலகத்தில் உள்ள புத்தகத்தில்தான் தெரியும். அந்தப் புத்தகத்தை வேலு பார்க்க முடியுமா?

முடியும். இந்தியப் பதிவுச் சட்டம் 1908-ல் வந்தது. அதன் 57-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. நிலம், வீடு பற்றிய பத்திரங்களை எழுதி வைப்பது ஒன்றாம் புத்தகம். இந்தப் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதற்குரிய கட்டணத்தை முன்பே கட்ட வேண்டும். அவ்வளவுதான். "நீ யார்? உனக்கு இந்தச் சொத்தில் என்ன பங்கு?" என்று கேட்கச் சட்டத்தில் இடம் இல்லை. நகல் கேட்டாலும் தர வேண்டும். முத்திரையிட்ட அந்த நகல் கோர்ட்டிலும் செல்லும்.

எல்லாப் புத்தகமும் அப்படித் திறந்து கிடப்பதில்லை. உயில்களை எழுதி வைப்பது மூன்றாம் புத்தகம். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே நகல் கிடைக்கும். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். இது நியாயமான ஏற்பாடுதான். அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் உயிலைத் தேடிக்கொண்டு அலைந்தால் வீடு என்னவாகும்?

கட்டணம் எவ்வளவு?

பதிவு அலுவலகத்தில் தேடுவதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அந்தந்த மாநில அரசு முடிவு செய்கிறது. அதனால் சென்னையில் ஒரு கட்டணம், கொல்கத்தாவில் ஒரு கட்டணம். அது அவ்வப்போது மாறும். பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் போடுவார்கள். எத்தனை ஆண்டு பின்னால் போய்த் தேடுகிறோமோ, அவ்வளவு கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இங்கே தேடிப் பார்த்துக் கொடுக்கும் சான்றுக்கு 'வில்லங்கச் சான்று' என்று பெயர். இதற்கு வெகு காலம் இருந்த கட்டணம் இது. விண்ணப்பத்துக்கு 1 ரூபாய். முதல் ஆண்டுக்கு 15 ரூபாய். அடுத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 ரூபாய். 30 ஆண்டுக்குத் தேடினால்? 1-ம் 15-ம் 16. மீதி 29 ஆண்டுக்கு 145. மொத்தம் 161 ரூபாய். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கென்று 100 ரூபாய் சேர்ந்தது. ஆக 261 ரூபாய். பல லட்சம் கொடுத்து வாங்கும் வீட்டுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் இந்தக் கணக்குத் தெரியாதவரிடம் புரோக்கர் எவ்வளவு கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான்.

கொல்கத்தாவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே வீட்டை மூன்று இடத்தில் தேட வேண்டும். பேஹாலா வீட்டுப் பத்திரம் பேஹாலாவில் உள்ள சார்பதிவு அலுவலகத்தில் பதிவாகி இருக்கலாம். அலிப்பூரில் உள்ள மாவட்ட அலுவலகத்தில் பதிவாகி இருக்கலாம். அல்லது நகரத்தின் நடுவில் உள்ள பெரிய பதிவு அலுவலகத்தில் பதிவாகி இருக்கலாம். மூன்றிலும் பதியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் தேடிவிட்டு, "வில்லங்கம் ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாக இருக்க முடியாது. அங்குள்ள வக்கீல்கள் மூன்று இடத்திலும் தேடிய பிறகே கருத்துச் சொல்வார்கள். கட்டணமும் மூன்று தடவை.

முன்பு நிலைமை இதைவிட மோசம். கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று பழைய தலைநகரங்களுக்கும் டெல்லிக்கும் ஒரு தனி அதிகாரம் இருந்தது. இந்தியாவில் எங்கே உள்ள சொத்தையும் அங்குள்ள பதிவாளர் பதியலாம். மதுரை நிலத்தைக் கல்கத்தாவில் எழுதலாம். மதுரைக்கு நகல் அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. அந்தக் காகிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் மதுரையில் தேடுகிறவருக்கு விஷயம் தெரியும். 2001-ல் சட்டத்தைத் திருத்தி இந்த அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் எழுதிய பத்திரங்கள் இன்றும் செல்லும்.

இனி மிக முக்கியமான ஒன்று. பதிவுச் சட்டத்தின் 79-ஆவது பிரிவைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கட்டணப் பட்டியலை ஒவ்வொரு பதிவு அலுவலகத்திலும் மக்கள் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது அது. ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் போதாது. அந்த மாவட்டத்து மக்கள் மொழியிலும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில். கொல்கத்தாவில் வங்காளியில். நூறு வருடத்துக்கும் மேலாக இது சட்டத்தில் இருக்கிறது.

எனவே பதிவு அலுவலகத்துக்குள் போனதும் முதலில் சுவரைப் பாருங்கள். பட்டியலைப் படியுங்கள். பட்டியல் கண்ணில் படவில்லை என்றால், "கட்டணப் பட்டியல் எங்கே இருக்கிறது, சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் கட்டணம் ஆகாது. அதற்கு வேறு பெயர் உண்டு.

கேட்டும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டி மனு எழுதிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் முதலில் 50 ரூபாய் வைத்தார்கள். ஏழை எப்படிக் கொடுப்பான் என்று எதிர்ப்பு வந்தது. 2006-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் ஒன்று. பத்திர நகலையே இந்த மனுவில் கேட்டால், "பதிவுச் சட்டப்படி கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். என்ன கட்டணம், என் மனு என்ன ஆயிற்று, யார் மேசையில் கிடக்கிறது என்று கேட்க இது நல்ல வழி.

கம்ப்யூட்டர் வந்த பிறகு

பழைய நாளில் தேடுவது ஒரு வேலை. தடித் தடியான புத்தகங்கள். கையால் எழுதிய அட்டவணை. தூசி. பெயரை ஓர் எழுத்து மாற்றி எழுதியிருந்தால் கண்ணுக்கே அகப்படாது. அதனால் தேடித் தருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வங்காளத்தில் அவர்களை 'முகுரி' என்பார்கள். நல்ல முகுரி ஒருவருக்கு ஊரில் பாதிச் சொத்தின் கதை மனப்பாடமாகத் தெரியும்.

இப்போது மேற்கு வங்காளப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டில் இருந்தே தேடலாம். விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், பத்திர எண், சொத்து விவரம் ஆகியவற்றில் எதை வைத்தும் தேடலாம். கிராமத்து நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்க்க 'பங்களார் பூமி' என்று வேறொரு இணையதளம் இருக்கிறது. நாம் பட்டா என்பதுபோல அங்கே 'பர்ச்சா' என்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2018 முதல் புதிய முறை வந்தது. வில்லங்க விவரத்தை இணையதளத்தில் பார்க்கப் பணம் இல்லை. முத்திரையிட்ட நகல் வேண்டும் என்றால்தான் கட்டணம். வெறுமே பார்ப்பதற்கு இன்று ஒரு காசும் வேண்டாம் என்பது பெரிய மாற்றம்தான். நான் இதைத் தயங்காமல் பாராட்டுவேன்.

ஆனாலும் கம்ப்யூட்டர் காட்டுவதே முழுக் கதை என்று நம்பிவிடக் கூடாது. பழைய வருடங்கள் எல்லாம் அதில் ஏறியிருக்காது. அந்த வருடங்களுக்கு அலுவலகம் போயே தீர வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம் பல இடங்களில் நான்காம் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் எல்லோருக்கும் திறந்தது இல்லை.

அடமானத்திலும் ஒரு மறைவு உண்டு. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் கொடுத்துவிட்டுக் கடன் வாங்குவது ஒரு வகை. எழுதிப் பதியாமலே இப்படி அடமானம் வைக்கலாம். பதியவில்லை என்றால் பதிவு அலுவலகத்தில் எத்தனை தேடினாலும் அது வராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2011-ல் மைய அரசு ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. அதன் பெயர் 'செர்சாய்'. வங்கிகள் தாங்கள் கொடுத்த அடமானக் கடனை அதில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேட்டையும் யாரும் தேடலாம். முதலில் 50 ரூபாய் வைத்தார்கள். பிறகு 10 ரூபாயாகக் குறைத்தார்கள். வரி தனி. வீடு வாங்குகிறவர் செலவழிக்கும் பணத்தில் இந்தப் 10 ரூபாய்க்கு உள்ள பலன் வேறு எதற்கும் இல்லை என்பேன்.

விரல்ரேகைக்கு வந்த ஆபத்து

எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பான் அல்லவா? வங்காளத்தில் அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன் ஒரு பழைய கதை. நம் நாட்டில் பத்திரப் பதிவில் விரல்ரேகை வாங்கும் பழக்கம் பிறந்த இடமே வங்காளம்தான். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி அங்கே வேலை பார்த்தார். "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லித் தப்பிப்பவர்களைப் பார்த்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது. 1858-ல் ஓர் ஒப்பந்தத்தில் ஒருவருடைய உள்ளங்கையையே மையில் தோய்த்து வைக்கச் சொன்னார். 1877-ல் கல்கத்தாவுக்கு அருகில் உள்ள ஹூக்ளியில், பத்திரம் பதிகிறவர்களிடம் விரல்ரேகை வாங்க ஆரம்பித்தார். 1897-ல் விரல்ரேகைக்கென்றே ஓர் அலுவலகம் கல்கத்தாவில் வந்தது. உலகத்திலேயே அதுதான் முதலாவது.

நாம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு கைநாட்டை விட்டோம். கையெழுத்துப் போட்டோம். அதில் நமக்கு எவ்வளவு பெருமை! ஆனால் 2001-ல் வந்த திருத்தப்படி, பத்திரம் பதியும்போது எம்.ஏ. படித்தவரும் விரலை மையில் உருட்டியே ஆக வேண்டும். புகைப்படமும் ஒட்ட வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

2023-ல் கொல்கத்தாவிலும் மற்ற இடங்களிலும் பலருடைய வங்கிக் கணக்கில் இருந்து பணம் காணாமல் போனது. அவர்கள் யாருக்கும் ரகசிய எண்ணைச் சொல்லவில்லை. கார்டையும் கொடுக்கவில்லை. போலீஸ் விசாரித்தது. இணையதளத்தில் கிடைத்த பத்திர நகல்களில் இருந்து திருடர்கள் விரல்ரேகையை எடுத்து, ரப்பர் அச்சுப்போலப் போலி விரல் செய்திருந்தார்கள். ஆதார் எண்ணும் விரல்ரேகையும் இருந்தால் பணம் எடுக்கும் வசதி ஒன்று உண்டு. கிராமத்து வயதானவர்களின் நன்மைக்காக வந்த வசதி அது. அதை வைத்தே பணத்தைச் சுருட்டினார்கள். தெலங்கானாவிலும் 2018-ல் பத்திர நகல்களில் இருந்து இப்படி விரல்ரேகை எடுத்தது தெரிந்தது. அதற்குப் பின்னும் நாடு முழுவதும் விழித்துக்கொள்ளவில்லை. பின்னர்தான், இணையதளத்தில் போடும் பத்திரங்களில் விரல்ரேகையை மறைக்கும்படி மைய அரசு மாநிலங்களிடம் சொன்னது.

இதற்காகப் பதிவேட்டையே மூடிவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். மூடினால் மறுபடியும் புரோக்கர் ராஜ்யம்தான். வேலு பார்க்க வேண்டியது வீட்டை யார் யாருக்கு விற்றார், என்றைக்கு விற்றார் என்பது. விற்றவரின் கட்டைவிரல் வேலுவுக்கு எதற்கு?

நாமும் ஒன்று செய்யலாம். ஆதாரில் உள்ள நம் விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். ஆதார் இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ இதைச் செய்யலாம். கட்டணம் இல்லை. நம் கைபேசி எண் ஆதாரில் சேர்ந்திருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் நஷ்டம் உங்களுடையது அல்ல. ரிசர்வ் வங்கி 2017-ல் இப்படி உத்தரவு போட்டிருக்கிறது.

பூட்டிய பிறகு ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் அது ஏற்காது. போவதற்கு முன் பூட்டைத் திறந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் பூட்டிவிடலாம்.